போட்டோ தாத்தாவை என் மகளுக்கு எப்படிக் காட்டுவது?

குறுவை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் எங்கள் தாத்தாவுக்குத் திதி. இலை போட்டுப் படைத்து, எல்லோரும் விழுந்து கும்பிட்டோம். என் மகளுக்கு ஆறு வயது. அவளும் கும்பிட்டாள். எழுந்து நின்றவள், மாலை போட்டிருந்த படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போட்டோ தாத்தா எப்பவுமே போட்டோவுக்குள்ளதான் இருந்தாராம்மா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. தாத்தா போனது 2011-ல். அவள் பிறந்ததே அதற்கு எத்தனையோ வருடம் கழித்து. அவளைப் பொறுத்தவரை தாத்தா என்றால் சட்டம் போட்ட படம், சந்தனப் பொட்டு, சிவப்பு பல்பு. எனக்கோ அவர் தோளில் உட்கார்ந்தபடி பார்த்த ஊர்தான் ஊர்.

தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கள் கிராமம். பன்னிரண்டு மா நிலம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் பெரியவர்கள் ஏக்கரில் பேச மாட்டார்கள். மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்ன நாளிலிருந்து தாத்தாவுக்கு வீடு தங்காது. தண்ணீர் கல்லணை வந்து, அங்கிருந்து ஆறு, வாய்க்கால் என்று பிரிந்து எங்கள் கடைமடைக்கு வந்து சேர நாளாகும். தினமும் காலையில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மதகடிக்குப் போவார். முதல் தண்ணீர் தெளிவாக வராது. சருகு, வைக்கோல், நுரை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு பாம்பு மாதிரி மெதுவாக வரும். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, அந்த நுரைத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எனக்கும் ஒற்றிவிடுவார். அந்த ஈரம் இன்றைக்கும் என் இமையில் இருக்கிறது.

இதையெல்லாம் ஆறு வயதுக் குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது? கையில் இருப்பவை இவ்வளவுதான்: 1987-ல் துபாயில் இருந்த சித்தப்பாவுக்குத் தாத்தா பேசி அனுப்பிய ஒரு கேசட், அவர் வயல் கணக்கு எழுதிய நோட்டுகள் நான்கு, சில போட்டோக்கள் (ஒன்று கண்ணாடியோடு ஒட்டிப்போய்விட்டது), அப்புறம் எங்கள் அப்பாயி. அப்பாயிக்கு எண்பத்தெட்டு. இப்போதெல்லாம் ஞாபகம் வந்து வந்து போகிறது.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. உங்கள் வீடுகளில் என்ன செய்தீர்கள்?


வைகைக்கரை எழுதியது:

அப்பாயியில் தொடங்குங்கள். நோட்டும் போட்டோவும் ஆறு மாதம் காத்திருக்கும்.

ஒன்றே ஒன்று. "தாத்தாவைப் பத்திச் சொல்லு அப்பாயி" என்று மட்டும் கேட்காதீர்கள். என் அம்மாவின் அப்பாவிடம் நான் அப்படித்தான் கேட்டேன். "சொல்ல என்னத்தா இருக்கு, பொறந்தோம், உழைச்சோம்" என்று முடித்துவிட்டார். ஒரு வாரம் கழித்துப் பரணில் ஒரு பாக்குவெட்டி கிடைத்தது. அதைக் கையில் கொடுத்து, "இது யாருது?" என்று மட்டும் கேட்டேன். பாக்குவெட்டி அவர் அம்மாவுடையது. அவர் அம்மா அதை எந்தச் சந்தையில் வாங்கினார், அன்றைக்கு வண்டிக்கு அச்சாணி கழன்று நடுவழியில் எப்படி நின்றார்கள், யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள் என்று ஒன்றரை மணி நேரம் போனது. கையில் ஒரு பொருள் இருந்தால் பேச்சு தானாக வரும்.

கல்யாண போட்டோ இருந்தால் நடுவில் நிற்பவர்களைக் கேட்காதீர்கள், ஓரத்தில் பாதி முகம் தெரிய நிற்பவரைக் கேளுங்கள். கதையெல்லாம் அங்கேதான் இருக்கும்.

உட்கார வைத்துப் பேட்டி எடுக்க வேண்டாம். முருங்கைக்கீரை ஆயும்போதோ பூக்கட்டும்போதோ பக்கத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். பதிவு செய்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஐந்து நிமிடத்தில் அவர்கள் மறந்துவிடுவார்கள். சொன்னதையே திரும்பச் சொன்னால் "இது முன்னாடியே சொன்னீங்களே" என்று குறுக்கே போகாதீர்கள். மூன்றாவது தடவை சொல்லும்போதுதான் முதல் இரண்டு தடவையும் விட்டுப்போனது வரும்.


ஒலிநாடா எழுதியது:

அந்தக் கேசட்டை எதிலும் போட்டுப் பார்த்துவிடவில்லையே? தயவுசெய்து பொறுங்கள்.

கல்ஃபுக்குப் பேசி அனுப்பிய கேசட் என்றால் அது உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி. என் அனுபவத்தில் சொல்கிறேன். என் பெரியப்பா பேசிய கேசட்டை ஒரு கடையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். தூசி பிடித்த பழைய பிளேயரில் போட்டார்கள், நாடா சிக்கி, கத்தரித்து ஒட்டிக் கொடுத்தார்கள். ஒட்டிய இடத்தில் போன வார்த்தைகள் என்ன என்று யாருக்கும் தெரியாது. அதற்கப்புறம்தான் நானே கற்றுக்கொண்டேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு ஓரத்திலும் சின்ன பிளாஸ்டிக் தாழ்கள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இரண்டையும் உடைத்துவிடுங்கள். அவை இல்லாவிட்டால் டேப் ரெக்கார்டரில் ரெக்கார்டு பொத்தான் இறங்காது, தவறிப்போய் அதன் மேலேயே பதிவாகும் ஆபத்து போகும். இதைச் செய்யாமல் ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள்.

அடுத்து, வெளிச்சத்தில் பிடித்து ஜன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள். பழுப்பாகவோ கருப்பாகவோ வழவழப்பாக இருந்தால் நல்லது. வெள்ளையாகப் பொடி மாதிரி பூத்திருந்தால் பூஞ்சை. அப்படியானால் ஓட்டவே ஓட்டாதீர்கள், இங்கே போட்டோ போடுங்கள், மேலே பேசுவோம். நாடாவுக்குப் பின்னால் நடுவில் சின்னதாக ஒரு கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும். பழைய கேசட்டில் அது பசை விட்டு விழுந்திருக்கும். அது இல்லாவிட்டால் சத்தம் மங்கலாகக் கேட்கும், சிலர் கேசட்டே போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். போகவில்லை. வேறொரு வேண்டாத கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம்.

வீட்டில் பழைய டேப் ரெக்கார்டர் இருந்தாலும் உள்ளே ரப்பர் பெல்ட் இத்தனை வருடத்தில் தார் மாதிரி உருகியிருக்கும். பெல்ட் மாற்றி, ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, முதலில் ஒன்றுக்கும் உதவாத ஒரு கேசட்டைப் போட்டு ஓட்டுங்கள். அது சிக்காமல் இரண்டு பக்கமும் ஓடிய பிறகுதான் தாத்தா. அவர் கேசட்டையும் உடனே பேச விடாதீர்கள். ஒரு முறை கடைசி வரை முன்னால் ஓட்டி, பின்னால் சுற்றிவிடுங்கள். பல வருடம் ஒரே இடத்தில் நின்ற நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், அது விடும்.

ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர் கணினிக்கு. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். எம்பி3 ஆக வேண்டாம், வேவ் கோப்பாகச் சேமியுங்கள். ஒரு மணி நேரக் கேசட் 600 எம்பி அளவுக்கு வரும், அவ்வளவுதான். இரைச்சலை நீக்குகிறேன் என்று அசலில் கை வைக்காதீர்கள். இரைச்சலோடு ஒரு பிரதி அப்படியே இருக்கட்டும். மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

பக்கம் முடிந்துவிட்டது, பேச்சு நின்றுவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். நாடா தீரும்வரை ஓடட்டும். அந்தக் காலத்தில் பலருக்கு நிறுத்தத் தெரியாது.


குறுவை எழுதியது:

ஒலிநாடா அண்ணா, மிக்க நன்றி. தாழ் இரண்டும் அப்படியே இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது, ஏனென்றால் போன தீபாவளிக்கே போட்டுப் பார்க்கலாம் என்று எடுத்து, பேட்டரி இல்லாததால்தான் விட்டோம். உடைத்துவிட்டேன். வெள்ளை எதுவும் தெரியவில்லை. கம்பளித் துண்டு விழுந்து கேசட்டுக்குள்ளேயே உருள்கிறது.


கொழுந்து எழுதியது:

இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் தாத்தாவுக்குக் கேசட்டும் இல்லை, நோட்டும் இல்லை. அவர் இலங்கையில் கண்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் ஒரு ஆள். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, அங்கிருந்து நீலகிரிக்கு அனுப்பப்பட்டார்கள். வந்தவர்களுக்காகவே தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில், டேன்டீயில், வேலை. அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து.

அவரிடமிருந்து எங்களுக்கு வந்தது ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளி, அப்புறம் சொற்கள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்குப் பெயர் பெரட்டு. குடியிருப்பு லயம். மேஸ்திரியை யாரும் மேஸ்திரி என்று சொல்ல மாட்டோம், கங்காணிதான். பள்ளிக்கூடத்தில் என்னைக் கேலி செய்தார்கள், அப்போது அந்தச் சொற்களை மறைத்துக்கொண்டேன். இப்போது என் பையன்களிடம் வேண்டுமென்றே பேசுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் இட்லி இல்லை. கோதுமை மாவில் தேங்காய் துருவிப் போட்டு, கனமாகத் தட்டி, கல்லில் சுட்ட ரொட்டி. தொட்டுக்கொள்ள இடித்த சம்பல். தாத்தா இருந்தவரை அவர்தான் தட்டுவார். ரொட்டியைத் தட்டிக்கொண்டே தோட்டத்துக் கதை சொல்வார், பனியில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு ஓடியது, துரை குதிரையில் வந்தது எல்லாம். அவர் போனதும் அப்பா தட்டினார். இப்போது நான். என் சின்னவனுக்கு ஐந்து வயது. அவன் தட்டுவது வட்டமாக வராது, இலங்கை மாதிரிதான் வரும் என்று அவன் அம்மா சொல்வாள். அவனுக்குத் தாத்தா படத்தைவிட அந்த மாவு நன்றாகத் தெரியும்.

அதனால் சொல்கிறேன், குறுவை அக்கா. உங்கள் மகளை வாய்க்காலுக்குக் கூட்டிப்போங்கள். அடுத்த தண்ணீர் வரும்போது கண்ணில் ஒற்றிவிடுங்கள். விளக்கமே தேவைப்படாது.


செம்மண் எழுதியது:

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஒரு விஷயம் மட்டும் மனதில் உறுத்துகிறது, கேட்டுவிடுகிறேன். இனிமையான ஞாபகத்தை மட்டும் கொடுத்தால் அது தாத்தாவா? என் தாத்தா குடிப்பார். பாட்டியை அடித்திருக்கிறார். எனக்கு அவர் கம்பு உருண்டை வாங்கித் தந்தவர், சைக்கிளில் முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு உட்கார வைத்துக் கூட்டிப்போனவர். இரண்டும் ஒரே ஆள். என் பிள்ளைக்கு நான் எதைச் சொல்வது? சைக்கிளை மட்டும் சொன்னால் பாட்டிக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது. அதனால் இதுவரை எதுவுமே சொன்னதில்லை.


வைகைக்கரை எழுதியது:

தம்பி, பாட்டி இருக்கிறார்களா?


செம்மண் எழுதியது:

இருக்கிறார்கள் அக்கா. மதுரையில் அத்தை வீட்டில்.


வைகைக்கரை எழுதியது:

அப்போது அதைச் சொல்லும் உரிமை முதலில் அவர்களுடையது. பாட்டியிடம் கேளுங்கள். "தாத்தாவைப் பத்திப் பிள்ளைகிட்ட என்ன சொல்லட்டும்?" என்று நேராகவே கேளுங்கள். எங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. எங்கள் அம்மாச்சி சொன்னது: "சின்னதுகளுக்கு நல்லதைச் சொல்லு. மீசை முளைச்சதும் மிச்சத்தையும் சொல்லு, இல்லேன்னா அவனும் கையை ஓங்குவான்." நான் அதைத்தான் பின்பற்றினேன். என் மகனுக்குப் பதினாறு வயதில் முழுக்கச் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்துபோய் அம்மாச்சி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.


காயல் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் வீட்டுக் கதை கொஞ்சம் வேறு மாதிரி.

என் உம்மாவின் வாப்பா கொழும்பில் வியாபாரம் செய்தவர். அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு இருந்தன. பேச்சு தமிழ்தான், எழுத்து அரபு எழுத்து. அரபுத்தமிழ் என்போம். அந்தத் தலைமுறையில் பல பெண்களுக்கு ஓத எழுதத் தெரிந்த எழுத்து அதுதான், ஆகவே மனைவிக்கு எழுதும் கடிதத்தை மனைவி யார் உதவியும் இல்லாமல் தானே படிக்க முடிந்தது. வீட்டில் தமிழ் எழுத்து தெரிந்த ஆண்கள் படித்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அதற்கு எவ்வளவு மதிப்பு என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

எங்கள் தலைமுறைக்கு வந்தபோது அரபு ஓதத் தெரியும், ஆனால் அந்தக் கடிதம் ஓடவில்லை. தமிழுக்கென்று சில எழுத்துக்களுக்குக் கூடுதலாகப் புள்ளி வைத்திருப்பார்கள், பழக்கம் இல்லாவிட்டால் திணறும். பாட்டியை உட்கார வைத்து, கடிதத்தை அவர் சத்தமாகப் படிக்க, நான் தமிழில் எழுதினேன். பதினேழு கடிதம் முடிந்தது. பதினெட்டாவதை எடுத்துப் பார்த்தார், சிரித்தார், மடித்து முந்தானையில் வைத்துக்கொண்டார். "இது உங்களுக்கு இல்லை" என்றார்.

அதை நாங்கள் கேட்கவில்லை. அவர் மவுத்தான பிறகும் யாரும் திறக்கவில்லை. என் மகளுக்கு அந்தப் பதினேழையும் படித்துக் காட்டியிருக்கிறேன். அவளுக்கு மிகவும் பிடித்தது பதினெட்டாவதுதான்.


பாளை எழுதியது:

எங்கள் வீட்டில் குடும்ப பைபிளின் முன்பக்கத் தாளில் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், மரணம் எல்லாம் தேதியோடு எழுதி வைப்பார்கள். நான்கு பேர் கையெழுத்து இருக்கிறது. என் பிள்ளைகள் பிறந்த தேதியைத் தாத்தாவின் கையெழுத்துக்குக் கீழே நான் எழுதினேன்.

போட்டோ பற்றி ஒன்று. பின்பக்கத்தில் பெயர் எழுதும்போது பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும். மெல்லிய பென்சில் போதும். கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிய்க்கவே பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே, வெளிச்சம் பட்டு மின்னாத மாதிரி கொஞ்சம் சாய்வாக வெளிச்சம் விழவைத்துப் படம் எடுத்துவிடுங்கள். நோட்டுகளை ராமபாணப் பூச்சி அரிக்கும். ஈரமில்லாத அலமாரியில், மாதம் ஒரு தடவை பிரித்துப் பார்க்கிற மாதிரி வையுங்கள். பத்திரமாக என்று பரணில் போட்டுவிட்டால் பூச்சிக்குப் போட்ட மாதிரிதான்.


குறுவை எழுதியது:

எல்லோருக்கும் ஒவ்வொருவராகப் பதில் எழுத வேண்டும் என்று ஆசை. காயல் பாய், பதினெட்டாவது கடிதத்தை என் அம்மாவிடம் சொன்னேன், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. செம்மண் தம்பி, நீங்கள் கேட்டது என்னையும் யோசிக்க வைத்தது. எங்கள் தாத்தா யாரையும் அடித்ததில்லை, ஆனால் என் அத்தையை எட்டாவதோடு பள்ளியிலிருந்து நிறுத்தினார். அத்தைக்கு அது ஆறவே இல்லை. என்னைப் படிக்க வைக்கப் பன்னிரண்டு மாவில் மூன்று மாவை விற்றதும் அதே தாத்தாதான். மகளுக்கு ஒரு நாள் இரண்டையும் சொல்வேன். அத்தையையே சொல்லச் சொல்வேன்.

இந்த வாரம் நோட்டை எடுத்தேன். படிக்கத் தடுமாறுகிறேன். '௸ வயல்' என்று அடிக்கடி வருகிறது. '8 க 4 ம' என்று இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் முதல் வரியில் ஒரு தேதி, பக்கத்தில் 'மே. தி.' என்று. யாருக்காவது தெரியுமா?


பாளை எழுதியது:

௸ என்றால் மேற்படி. மேலே சொன்ன அதே வயல் என்று அர்த்தம். பழைய பத்திரங்களிலும் இது நிறைய வரும். கூடவே ௹ வந்தால் ரூபாய், ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம். க, ம என்பது அளவாக இருக்கும், அது உங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும்.


வைகைக்கரை எழுதியது:

கலம், மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். எட்டுக் கலம் நாலு மரக்கால் நெல்.

'மே. தி.' நீங்களே முதல் பதிவில் சொல்லிவிட்டீர்கள், அக்கா. மேட்டூர் திறப்பு.


குறுவை எழுதியது:

அடக் கடவுளே. ஆமாம்! வருடா வருடம் அதே இடத்தில். ஜூன் 12 என்று போட்ட வருடமும் இருக்கிறது, ஜூலை, ஆகஸ்டு என்று தள்ளிப்போன வருடமும் இருக்கிறது. தள்ளிப்போன வருடங்களில் அந்தத் தேதிக்கு அடியில் கோடு போட்டிருக்கிறார், பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி. குறுவைச் சாகுபடி போயிற்று என்றால் அந்த வருடம் வீட்டில் என்னவெல்லாம் இல்லாமல் போகும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு பக்கம். 12.11.77. எங்கள் பக்கம் நாகப்பட்டினம் புயல் என்று இன்றைக்கும் சொல்வார்களே, அந்த நாள். எல்லா நாளும் நெல்லும் கூலியும் எழுதுகிற ஆள், அன்றைக்கு எழுதியிருப்பது இவ்வளவுதான்: "புயல். கொட்டகை போச்சு. பிள்ளைகள் பத்திரம்." அடுத்த பன்னிரண்டு நாளுக்கு ஒன்றும் இல்லை. பதின்மூன்றாவது நாள், "கீற்று 200, ௹" என்று தொடங்கி மறுபடியும் கணக்கு.

இந்தப் பக்கத்தை அப்பாவிடம் காட்டினேன். அப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த இரவு தாத்தா நாலு பிள்ளைகளையும் நெல் பத்தாயத்துக்குள் இறக்கிவிட்டு, தான் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். இதுவரை என்னிடம் சொன்னதே இல்லை. "நீ கேக்கலையேம்மா" என்றார்.


கொழுந்து எழுதியது:

அக்கா, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அப்பா சொன்னதை அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கி நோட்டோடு வையுங்கள். ஐந்து வார்த்தைக்குள் இவ்வளவு இருக்கிறது என்பது அடுத்தவர்களுக்குத் தெரியாது.


செம்மண் எழுதியது:

நேற்று மதுரை போய்விட்டு வந்தேன். பாட்டியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள். பிறகு, "சைக்கிளைச் சொல்லு. அந்தத் துண்டை மடிச்சுப் போட்டது நான்தான்னு அதையும் சேத்துச் சொல்லு" என்றார்கள்.

எனக்கு இத்தனை வருடம் அது தெரியாது. கம்பி குத்தக்கூடாது என்று தினமும் துண்டை மடித்துப் போட்டு அனுப்பியது பாட்டி. வைகைக்கரை அக்காவுக்கு என் நமஸ்காரம்.


ஒலிநாடா எழுதியது:

குறுவை, கேசட் என்ன ஆனது? கம்பளித் துண்டு ஒட்டினீர்களா?


குறுவை எழுதியது:

நேற்றுத்தான் முடிந்தது. தாமதத்துக்கு மன்னிக்கவும். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் ரேடியோ, டேப் ரெக்கார்டர் சரிசெய்வார். பெல்ட் தேடி வாங்கவே இரண்டு வாரம் ஆனது. நீங்கள் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன், "எழுதினவரு வேலை தெரிஞ்சவரு" என்று சொன்னார். பக்தி கேசட் ஒன்றை இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்து, தாத்தாவை முன்னும் பின்னும் சுற்றி, நேற்று மாலை கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். அப்பாயியை நாற்காலியில் பக்கத்திலேயே உட்கார வைத்தோம். கணினியில் பதிவும் ஓடியது.

முதலில் இரைச்சல். அப்புறம் தொண்டையைச் செருமும் சத்தம். அந்தச் செருமலிலேயே எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தாத்தா எங்கேயும் நுழைவதற்கு முன் அப்படித்தான் செருமுவார்.

பேச்சு ஆரம்பத்தில் கடிதம் மாதிரி இருந்தது. "அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதி... பேசிக் கொள்வது. இங்கு அனைவரும் நலம். அவ்விடம் உன் நலம் அறிய ஆவல்." யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி. மழை, நெல் விலை, யார் வீட்டில் என்ன விசேஷம். நீ அனுப்பின பணம் வந்து சேர்ந்தது, கடை பாக்கி அடைத்துவிட்டோம், வெயிலில் ரொம்ப அலையாதே. மகள் ஐந்து நிமிடத்தில் நெளிய ஆரம்பித்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் எனக்குக்கூடக் கொஞ்சம் ஏமாற்றம். எனக்குத் தெரிந்த தாத்தா இப்படிப் பேசமாட்டார்.

இருபத்தாறு நிமிடத்தில் "இத்துடன் முடித்துக்கொள்கிறேன்" என்றார். அண்ணா, நீங்கள் சொன்னது மட்டும் ஞாபகத்தில் இல்லாவிட்டால் நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

அதற்கப்புறம் நாலு நிமிடம். டக் என்று ஏதோ சத்தம். பின்னால் அப்பாயியின் குரல், முப்பது சொச்சம் வருடத்துக்கு முந்தைய கணீரென்ற குரல்: "நிறுத்திட்டீங்களா?" தாத்தா: "எங்க அமுக்கணும்? எல்லாம் ஒண்ணு போலவே இருக்கு." பிறகு அதை விட்டுவிட்டார் போல. காக்கை கத்துகிறது. வாளி உருளும் சத்தம். தூரத்தில் தாத்தா மாட்டைக் கூப்பிடுகிறார், "லெச்சுமீ... வாம்மா... வா வா வா", அந்த 'வா' மூன்றும் மேலேறி மேலேறி, பாட்டு மாதிரி. அதுதான் அவர். அந்தக் கூப்பாட்டில்தான் நான் காலையில் எழுந்திருப்பேன். ஒரு குழந்தை அழுகிறது. "ஏண்டா கண்ணு, என்னடா" என்று நெருங்கி வருகிறார், அழுகை நிற்கிறது. அந்தக் குழந்தை நான் என்று அப்பா சொன்னார். எனக்கு அப்போது இரண்டு வயது.

நெளிந்துகொண்டிருந்த மகள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அது நீயாம்மா? உன்னைத் தூக்கிட்டாரா?" என்று கேட்டாள். மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும். மூன்றாவது தடவை போட்டபோது அவளும் கூடவே "லெச்சுமீ" என்று கூப்பிட்டாள், அதே இடத்தில், அதே இழுப்போடு.

அப்பாயி அதுவரை ஒன்றும் பேசவில்லை. எங்களுக்குப் பயமாகக்கூட இருந்தது, தப்புச் செய்துவிட்டோமோ என்று. மூன்றாவது தடவை "எங்க அமுக்கணும்? எல்லாம் ஒண்ணு போலவே இருக்கு" என்று தாத்தா குரல் வந்ததும், நாற்காலியில் முன்னால் சாய்ந்து, பெட்டியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"அந்தச் செவப்புக்குப் பக்கத்துல இருக்குல்ல, அதை அமுக்குங்க. விடுங்க, நான் வரேன்."

இரண்டாம் பக்கம் இன்னும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வருகிறார். அவருக்கு அனுப்பிய கேசட், அவர் வந்துதான் போட வேண்டும்.